எட்டு மணி ரத்தம்

போன மாதம் வளர்மதி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை ஒரே வார்டில் என்னோடு வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் அவள்.

"அக்கா, ஒரு சந்தேகம். சைனஸ் தொந்தரவுன்னு வந்த ஒருத்தருக்கு ஸ்கேன் எடுத்தாங்க. பிட்யூட்டரியில சின்னதா ஒரு கட்டி இருக்காம். ஆளு நல்லா உக்காந்து இட்லி சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. அவருகிட்டப் போயி இத்தனை ட்யூப் ரத்தம் எடுக்கச் சொல்றாங்க. எதுக்குக்கா இவ்வளவு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிட்யூட்டரி என்பது மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் தொங்கும் கொண்டைக்கடலை அளவுச் சுரப்பி. தைராய்டு, பால் சுரப்பு, வளர்ச்சி, மாதவிலக்கு, உடம்பின் தெம்பு என்று பலவற்றுக்கும் அங்கிருந்துதான் உத்தரவு போகிறது. அதில் ஒரு கட்டி தற்செயலாகக் கண்ணில் பட்டால், ஆள் நன்றாக இருந்தாலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். கட்டி தானே ஏதாவது ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா? அல்லது பக்கத்தில் இருக்கும் நல்ல சுரப்பியை நெருக்கிச் சுரக்க விடாமல் செய்கிறதா? அதற்குத்தான் அத்தனை ட்யூப்.

"இப்ப நம்ம லேப்லயே மெஷின் வந்துருச்சுக்கா. காலையில எடுத்தா சாயங்காலம் ரிசல்ட்டு. வந்துட்டா எல்லாம் தெளிவாயிரும்ல?"

நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு அந்த "ம்" என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ரிசல்ட் வந்த பிறகுதான் எங்களுக்கு எல்லாமே குழம்பிப்போன ஒருவரை எனக்குத் தெரியும்.

நான் கீரனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தஞ்சாவூரில் நர்சிங் படித்தேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில காலம், அறந்தாங்கியில் சில காலம், பிறகு புதுக்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியின் பொது மருத்துவ வார்டு என்று என் வேலை நாட்கள் கழிந்தன. படிக்கும்போது எங்களுக்கு அடித்துச் சொல்லித் தந்த பாடம் ஒன்று: நோயாளி முன்னால் "தெரியாது" என்ற வார்த்தை வரக் கூடாது. தெரியாவிட்டால், "டாக்டர் வந்து சொல்வார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன், மங்கை மேடம் எங்கள் வார்டுக்கு வரும்வரை.

மங்கையர்க்கரசி என்பது டாக்டரின் முழுப் பெயர். ஹார்மோன் நோய்களில் மேல்படிப்பு படித்தவர். ஒல்லியான உருவம், சத்தம் வெளியே வராத பேச்சு. வார்டு துப்புரவுப் பணியாளர் முதல் டீன் வரை எல்லாரும் அவருக்கு "வாங்க, போங்க"தான். ரவுண்ட்ஸ் வந்தால் முதலில் கேஸ் ஷீட்டைத் தொட மாட்டார். நோயாளியின் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். "செருப்பு சைஸ் மாறியிருக்காங்க? மோதிரம் இறுக்குதா? பழைய போட்டோ ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். வாக்காளர் அட்டைப் படத்தையும் எதிரில் இருக்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பார். பின்னால் நிற்கும் எங்களுக்குக் கால் வலிக்கும்.

அவரிடம் என்னை அதிரவைத்த பழக்கம் ஒன்று உண்டு. ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால், நோயாளி முன்னாலேயே, "எனக்கு இது புரியலைங்க" என்று சொல்லிவிடுவார். முதல் தடவை கேட்டபோது நான் பயந்து நோயாளியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைவிட நிதானமாகத்தான் இருந்தார்.

ரத்தம் எடுக்கும் முறையில் மேடம் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கார்டிசால் என்ற ஹார்மோனுக்குக் காலை எட்டு மணி. காய்ச்சல், அடி, அதிர்ச்சி எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அந்த ஹார்மோன்தான். விடியும்போது ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும். அதனால் எட்டு மணிக்கு எடுத்ததும் பதினோரு மணிக்கு எடுத்ததும் ஒன்றல்ல. பால் ஹார்மோனுக்கு நோயாளியைக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைத்துவிட்டுத்தான் ஊசி. பயந்தாலே அது ஏறிவிடும். கார்டிசாலைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் ஏசிடிஹெச் என்ற ஒன்று உண்டு, அதற்கு ட்யூபை முன்னமே ஐஸில் வைத்திருந்து, எடுத்த உடனே ஐஸோடு லேபுக்கு ஓட வேண்டும். வழியில் யாராவது நின்று பேசினால் மேடத்துக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். தலைவலிக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் கட்டி தெரிந்திருந்தது. பால் ஹார்மோன் அதிகம் என்று ரிசல்ட் வந்தது. வேறொரு டாக்டர் மாத்திரையே எழுதிவிட்டார். மேடம் மட்டும், "வாந்திக்கு, நெஞ்செரிச்சலுக்கு ஏதாச்சும் சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையைக் காட்டினார். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் போடும் மாத்திரை. அதை நிறுத்தினார்கள். அடுத்த தடவை எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் சரியாக இருந்தது. கட்டி பேசாமல் ஓர் ஓரத்தில் கிடந்தது. அன்றிலிருந்து, "என்ன மருந்து சாப்புடுறீங்க?" என்ற கேள்வியை எங்கள் வார்டில் யாரும் விட்டதில்லை. அந்த ஒரு கேள்வி போதும் என்றும் நம்பிவிட்டோம்.

அப்போதுதான் காளியப்பன் வந்தார்.

மீமிசலில் மீன் ஏலம் விடுபவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து, படகு விளிம்பில் பின்மண்டை அடிபட்டு வந்திருந்தார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் பிட்யூட்டரி இருக்கும் இடத்தில் ஒரு கட்டி. விபத்து வார்டிலிருந்து எங்களிடம் அனுப்பினார்கள்.

அவர் குரல்தான் முதலில் வார்டுக்குள் வந்தது. "எங்கிட்டும்மா என் கட்டிலு? இங்கிட்டா?" பின்னால் முகம் வந்தது. நல்ல உருண்டை முகம், பளபளவென்று சிவந்த கன்னம், பெரிய வயிறு. கைகால் மட்டும் அந்த உடம்புக்குச் சேராமல் மெலிந்திருந்தன. கூட வந்த மனைவி வசந்தா சின்ன உருவம். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

மேடம் அவரைப் பார்த்ததும் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். சட்டையைத் தூக்கச் சொன்னார். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள். முன்கையில் விரல் பட்ட இடமெல்லாம் கன்றிப்போன தடம். எனக்கே பொறி தட்டியது. பிட்யூட்டரிக் கட்டி சிலருக்குக் கார்டிசாலை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கும். அப்போது உடம்பு இப்படித்தான் ஆகும் என்று மேடம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். கட்டியும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. ரத்தம் எடுத்தால் கார்டிசால் எக்கச்சக்கமாக இருக்கும், முடிந்தது விஷயம் என்று நினைத்தேன்.

மேடம் கேட்டார். "மாத்திரை ஏதாச்சும் சாப்புடுறீங்களா?"

"மாத்திரையா? நானா?" காளியப்பன் சிரித்தார். "டாக்டரம்மா, எனக்கு முன்னாடி கடுமையான இளைப்பு. மூச்சு விட முடியாம ராவெல்லாம் உக்காந்தே கெடப்பேன். மாத்திரை குடுத்தாங்க, பம்பு குடுத்தாங்க. அம்புட்டையும் ஒரு நாளு கடல்ல வீசிட்டேன். மனச கெட்டியா வச்சுக்கிட்டேன். கடக்காத்து, காலாற நட, அவ்வளவுதான். இளைப்பு போன எடம் தெரியல. எங்க ஏலக்களத்துல எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா? மருந்த விடுங்கடா, மனசுதான்டா மருந்துன்னு."

"ஊசி? நாட்டு மருந்து? லேகியம்? தேய்க்கிற களிம்பு?"

"ஒண்ணுங் கெடையாது."

மேடம் வசந்தா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"இல்லைங்க," என்றார் வசந்தா.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நானே ரத்தம் எடுத்தேன். இரண்டு நாள் கழித்து வெளியூர் லேபிலிருந்து வந்த ரிசல்ட்டைப் பார்த்த மேடம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். கார்டிசால் அதிகமாக இல்லை, சரியாகவும் இல்லை. ஏறக்குறைய இல்லவே இல்லை. முகமும் வயிறும் ஊரறிய கார்டிசால் அதிகம் என்று சொல்கின்றன, ரத்தத்திலோ அதைக் காணோம்.

"ட்யூபு மாறியிருக்குமோ மேடம்?" என்று கேட்டேன். நான்தான் எடுத்தேன், நான்தான் பெயர் எழுதி ஒட்டினேன். மாறவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் மாறியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேடம் காளியப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கு இது புரியலைங்க. ஒங்க ஒடம்பு ஒண்ணு சொல்லுது, ரத்தம் வேற ஒண்ணு சொல்லுது. திரும்ப எடுக்குறோம்."

"எடுங்க. கடல்ல தண்ணியா இல்ல," என்றார் அவர். ஆனால் குரலில் சுரத்து இல்லை. காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார்.

அன்று மதியம் அவர் சரிந்துவிட்டார். ரத்த அழுத்தம் பார்த்தேன், கிடைக்கவில்லை. மறு கையில் பார்த்தேன், மிகக் கீழே இருந்தது. உடம்பு சில்லென்று நனைந்து கிடந்தது. வாய் மட்டும் எதையோ முணுமுணுத்தது. குனிந்து கேட்டேன். வஞ்சிரத்துக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லாத ஏலம்.

மேடம் ஓடி வந்தார். அந்த ஒல்லி உருவம் ஓடி அன்றுதான் பார்த்தேன். ரத்தம் எடுத்து ஐஸில் வைக்கச் சொன்னார். அந்த ஊசியை உருவிய கையோடு ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார். உடம்பில் இல்லாத கார்டிசாலுக்குப் பதில் அது. சலைன் இரண்டு பக்கமும் ஓடியது. பொழுது சாயும் நேரத்தில் காளியப்பன் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றார்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். வசந்தா தண்ணீர்க் குழாய் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நாந்தான் அவுகளக் கொன்னுட்டேனா?"

"உயிரோடதான்மா இருக்காரு. என்னாச்சு?"

அழுதுகொண்டே சொன்னார். கணவர் மருந்தையெல்லாம் கடலில் எறிந்த வாரமே இளைப்பு முற்றி நீலம் பாரித்துவிட்டாராம். மருந்தைக் கண்ணில் காட்டினாலே சண்டை. அப்போது வாரச் சந்தையில் இளைப்புக்கென்று வெள்ளைப் பொடி விற்கும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். பொட்டலம் வாங்கி வந்து, கசப்பு தெரியாமல் கருப்பட்டிக் காபியில் கலந்து கொடுத்திருக்கிறார். இரண்டே நாளில் மூச்சு சீராகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு காலைகூட விட்டதில்லை. வருஷக்கணக்காக.

"மனசாலதான் போச்சுன்னு ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. எனக்குச் சிரிப்பாவும் இருக்கும், பயமாவும் இருக்கும். மூஞ்சியெல்லாம் பூரிச்சு வந்துச்சா, ஆளு செழிப்பா இருக்காருன்னு எல்லாரும் சொன்னாக. நாங் குடுத்ததுதானேன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். இங்கிட்டு வந்த பொறவு ரத்தத்துல தெரிஞ்சுருமோன்னு குடுக்கல, சிஸ்டர். பொட்டலமும் வீட்டுல கெடக்கு. அவுக முன்னால டாக்டரம்மா கேட்டா நான் எப்புடிச் சொல்லுவேன்?"

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பொடி என்றதுமே மேடத்துக்கு விளங்கிவிட்டது. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்தால், உடம்பு தன் கார்டிசாலைச் சுரப்பதையே மறந்துவிடும். முகம் உருண்டது பொடியால். திடீரென்று பொடி நின்றதும் ஆள் சரிந்தார். விடை கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

"இல்லைங்க சிஸ்டர்," என்றார் மேடம். "பாதிதான் கெடச்சிருக்கு. அந்தக் கட்டி நல்ல சுரப்பியை நெருக்கினாலும் கார்டிசால் இல்லாமப் போகும். பொடி சாப்புட்டாலும் போகும். இவருக்கு ரெண்டும் இருக்கு."

ஐஸில் போன ட்யூபின் ரிசல்ட் வந்தது. ஏசிடிஹெச் குறைவு. இரண்டுக்கும் பொருந்தும். ஆண் ஹார்மோன் குறைவு. அதுவும் இரண்டுக்கும் பொருந்தும். பால் ஹார்மோன் கொஞ்சம் அதிகம். கட்டி நெருக்கியதாலா, ஊசிக்குப் பயந்ததாலா தெரியாது. தைராய்டு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்றது. அத்தனை ட்யூப் எடுத்தும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில். வெளியூரில் ஒரு நரம்பு அறுவை மருத்துவரிடம் படங்களை அனுப்பினார்கள். கட்டியை எடுத்துவிடலாம் என்று பதில் வந்தது. மேடம் கண் பார்வையைச் சோதிக்க வைத்தார். கட்டி கண் நரம்பைத் தொடவில்லை. "காத்திருந்து பாப்போம்" என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காளியப்பனிடம் யார் சொல்வது என்பது அடுத்த சிக்கல். "சொல்லிறாதீங்க, என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாக" என்று வசந்தா என் காலில் விழப் போனார். எனக்கும் சொல்லாமல் விட்டால் என்ன என்றுதான் தோன்றியது. மேடம் அவரை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "இவருக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட ஸ்டீராய்டைக் கூட்டிக் குடுக்கணும், இல்லைன்னா திரும்ப இப்படி விழுவாரு. அது அவருக்குத் தெரிஞ்சே ஆகணும்மா. நான் சொல்றதவிட நீங்க சொல்றது நல்லது. நாங்க பக்கத்துல இருக்கோம்."

வசந்தா தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். காளியப்பன் கத்துவார் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை.

"அப்ப இளைப்பு நின்னது அந்தப் பொடியாலயா?"

மேடம் ஆமென்று தலையசைத்தார்.

"மனசாலன்னுல நெனச்சேன்," என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "மருந்தத் தூக்கிப் போடுங்கடான்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேனே. ரெண்டு பேரு போட்டுட்டானுகளே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது, அவர் சரிந்து கிடந்த மதியத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது அளவான ஸ்டீராய்டு மாத்திரையும், இளைப்புக்கு இன்ஹேலரும் கொடுத்தோம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அன்றைய மாத்திரை போடாமல் காலை எட்டு மணிக்கு ரத்தம். சுரப்பி தூங்கித்தான் கிடக்கிறது என்றால் மெல்ல எழுந்திருக்கும். கட்டி நெருக்கியிருந்தால் எழாது. அதுதான் மேடத்தின் கணக்கு. மீமிசலில் இருந்து ஆவுடையார்கோவில், அறந்தாங்கி வழியாக முதல் பஸ் பிடித்தாலும் எட்டுக்கு வந்து சேர முடியாது என்பதால், புருஷனும் பெண்டாட்டியும் முந்தின நாளே அறந்தாங்கியில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒருநாள் அங்கிருந்து வந்த பஸ் பழுதாகி, உச்சிப்பொழுதில் வந்து கையை நீட்டினார். மேடம் எடுக்க விடவில்லை. "இது வேற நேரத்து ரத்தம்ங்க, இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். காளியப்பன் முறைத்தார். வசந்தாவோடு அவர் பேசுவதை அந்த மாதங்களில் நான் பார்க்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வேண்டியதை என்னிடம் கேட்பார், வசந்தா என்னிடம் பதில் சொல்வார்.

கார்டிசால் அளவு ஒரு தடவை ஏறும், அடுத்த தடவை இறங்கும். ஏறினால் பொடிதான் காரணம் என்று நினைப்பேன். இறங்கினால் ஐயோ கட்டிதான் என்று நினைப்பேன். இதற்கிடையில் வேறொரு தொல்லை. ஸ்டீராய்டு குறையக் குறைய அவர் முகம் வற்றியது. கன்னம் ஒட்டியது, வயிறு இறங்கியது. எங்கள் கண்ணுக்கு அது குணமாவது. மீமிசலில் அதற்குப் பெயர் வேறு.

"சிஸ்டர், இங்க வாங்க," என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "நல்லாயிட்டேன்னு நீங்க சொல்றீங்க. எங்க ஊர்ல என்னையப் பாத்து அழுகுறானுக. எனக்குப் பெரிய வியாதியாம், நாளை எண்ணிக்கிட்டு இருக்கேனாம். செழிப்பா இருந்த மனுசன ஆஸ்பத்திரியில கெடுத்துட்டாங்கன்னு பேசுறாங்க. எது நெசம்? அப்ப நல்லா இருந்தேனா, இப்ப நல்லா இருக்கேனா?"

"இப்பத்தான் நல்லா இருக்கீங்க," என்றேன். பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. முழங்கால் வலிக்கிறது, மாடி ஏறினால் தள்ளாடுகிறது என்று அன்று காலைதான் அவர் சொல்லியிருந்தார். ஸ்டீராய்டு குறையும்போது அப்படி இருக்கும். அவர் என்னை நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. கார்டிசால் மெல்ல ஏறி, சரி என்று சொல்லும் அளவின் கீழ்ப்படியில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. கடைசியில் மாத்திரையை நிறுத்தினோம். ஆள் விழவில்லை. மறுபடி எடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவில் கிடந்தது. மேலே ஏறாமல் நின்ற அந்தக் குறை கட்டியால் வந்ததா, பொடி விட்டுப்போன தழும்பா என்று மேடத்திடம் கேட்டேன்.

"தெரியலைங்க சிஸ்டர்," என்றார். "காய்ச்சல் வந்தா மாத்திரை போடணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இப்போதைக்கு அது போதும்."

அன்று வசந்தா என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போனார். அவரும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "அந்தப் பொடி இல்லைன்னா அவுக அப்பவே மூச்சு முட்டிப் போயிருப்பாக. பொடியாலயே சாகக் கெடந்தாக. நாஞ் செஞ்சது சரியா தப்பா, சிஸ்டர்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

சந்தையில் விற்கும் பொடியை வாங்கக் கூடாது என்று நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். என் வேலைக் காலத்தில் நோயாளி வீட்டாரிடம் அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகச் சொன்னது அன்றுதான். வசந்தா கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். இன்றுவரை நான் யோசித்துப் பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷத்துக்கு மீமிசல் போயிருந்தேன். காலையில் மீன் வாங்கலாம் என்று கரைப்பக்கம் நடந்தேன். கூட்டத்துக்கு நடுவில் அந்தக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒட்டிய கன்னத்தோடு, தொளதொளத்த சட்டையில் காளியப்பன் நண்டுக் குவியலுக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். வியாபாரிகள் மாறி மாறி ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விலை சூடேறி வந்த நேரத்தில் அவருக்கு இளைத்தது. கையைத் தூக்கி நிறுத்தினார். இடுப்பு மடிப்பிலிருந்து இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து, ஆழமாக இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அத்தனை சத்தமும் அடங்கியது. கூட்டம் காத்திருந்தது.

மூச்சை விட்டார். முன்வரிசையில் ஒரு வாலிபன் வாய் பார்த்து நின்றான்.

"என்னடா பாக்குறே? மருந்துடா," என்றார் அவனைப் பார்த்து. "இளைப்பு இருந்தா ஒங்கப்பனயும் இழுக்கச் சொல்லு." பிறகு திரும்பி, விட்ட இடத்திலிருந்து விலையைக் கூவினார்.